பூட்டிக்கொண்ட டிஃபெண்டர்: ரெஜிஸ்ட்ரியா, ஆஃப்லைன் ஸ்கேனா?

போன மாதம் மச்சான் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். விண்டோஸுடனே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் அமைப்புகள் இருக்கும் விண்டோஸ் செக்யூரிட்டியில், ரியல்டைம் பாதுகாப்புக்கான சுவிட்ச் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. மேலே, 'இந்த அமைப்பை உங்கள் நிர்வாகி நிர்வகிக்கிறார்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. "என் வீட்டு லேப்டாப்புக்கு யாருடா மாப்ள நிர்வாகி?" என்றான்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் இடம்) வைத்தியம். ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜிஎடிட்டில் ஹெச்கேஎல்எம் (HKEY_LOCAL_MACHINE), சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் டிஃபெண்டர் என்று உள்ளே போய், டிஃபெண்டரை முடக்கும் பதிவுகளை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. இரண்டு நிமிட வேலை. அழிக்கும் முன் எக்ஸ்போர்ட் செய்து வைப்பது நல்லது. 'டிஸேபிள்ஆன்டிஸ்பைவேர்' என்ற பதிவைத்தான் பலரும் தேடச் சொல்கிறார்கள். அது பழைய கதை. 2020 ஆகஸ்டு முதல் வீட்டுக் கணினிகளில் டிஃபெண்டர் அதைக் கண்டுகொள்வதில்லை.

ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு குரூப் பாலிசி எடிட்டர் இன்னும் பாதுகாப்பானது. இதே அமைப்புகளைப் பட்டியலாகக் காட்டும் கருவி அது; டிஃபெண்டரை முடக்கும் அமைப்பை 'நாட் கான்ஃபிகர்ட்' என்று மாற்றினால் போதும், தவறான இடத்தில் கைபட்டுவிடுமோ என்ற பயம் இல்லை. ஹோம் பதிப்பில் அது கிடையாது.

சரி, இரண்டும் பூட்டைத்தான் திறக்கின்றன. பூட்டியது யார் என்று கேட்பதில்லை. மச்சான் லேப்டாப்பில் பதிவை அழித்தேன், ரீஸ்டார்ட் ஆனதும் அதே வரி திரும்ப வந்து நின்றது. அப்போதே டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனுக்குப் போயிருக்க வேண்டும். அது விண்டோஸ் எழும் முன்பே ஓடுவதால் வைரஸுக்கு ஒளிய இடம் குறைவு. சுமார் 15 நிமிடம் ஆகும், திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். எங்களுக்குச் சிக்கியது, விண்டோஸை ஓசியில் ஆக்டிவேட் செய்ய அவன் இறக்கிய ஒரு கிராக். அதை நீக்கியபின் ரெஜிஸ்ட்ரி வைத்தியம் நிலைத்தது. அதனால் என் ஓட்டு ஸ்கேனுக்கே முதலில்.

வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும், அது கோளாறே இல்லை. அந்த ஆன்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்தும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவிதான் சரி. விண்டோஸை ரீசெட் செய்வது கடைசிப் புகலிடம்: கோப்புகளை வைத்துக்கொள்ளலாம், நாம் போட்ட மென்பொருள்கள் போய்விடும்.

அப்புறம், செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியில் ஆபீஸ் கணக்கு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சொந்தக் கணினி என்றால் துண்டித்துப் பார்க்கலாம். லேப்டாப்பே ஆபீஸ் கொடுத்தது என்றால் கை வைக்காதீர்கள். அங்கே நிர்வாகி நிஜமாகவே இருக்கிறார்.