அலமாரிக்குள் பூசணமா? ‘சுவர் ஓதம்’ என்று சொல்லி வருகிறவர்களிடம் கவனம்

படுக்கையறைச் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரியில் பூசணம் பிடித்து, மடித்து வைத்த துணியெல்லாம் வாடை அடிக்கிறதா? ஓதத்தைச் சரிசெய்து தருகிறோம் என்று வருகிறவர்களிடம் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் ஒரு நிறுவனம் முழுத்தொகையையும் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துவிட்டுப் போனது. பூசணம் போகவில்லை.

இலவச ஆய்வு என்று வந்தவர் அலமாரிக்குள் தலையை நீட்டி, இரண்டு ஊசி வைத்த ஈரமானியைச் சுவரில் குத்தினார். அது கீச்சென்று கத்தியது. “பார்த்தீங்களா சார், தரையிலிருந்து தண்ணி ஏறுது” என்றார். சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும், உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிக்க வேண்டும், எழுத்தில் உத்தரவாதம் உண்டு. பேச்சு சுத்தமாக இருந்தது.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. பெரும்பாலும் மரத்துக்காக அளவிடப்பட்டது. காரையில் உப்பு இருந்தாலே எண் எகிறும். சுவர் மேலே வியர்த்திருந்தாலும் கத்தும், உள்ளிருந்து கசிந்தாலும் கத்தும். ஈரம் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசியது அவர்தான்.

தரையிலிருந்து ஏறும் ஓதம் பொதுவாக ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டாது. அடிப்பகுதியில் உப்புப் பூத்து, காரை பொருமி, மேலே ஒரு கறைக்கோடு தெரியும். எங்கள் அலமாரியில் அடித்தட்டு காய்ந்து கிடந்தது. பூசணம் முழுக்க மேல்தட்டின் மூலையில், போர்வைகளுக்குப் பின்னால். துளையோ அடியில் போட்டார்கள்!

உண்மையில் நடப்பது இதுதான். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைத் துணியால் அடைத்து, கதவையும் மூடிவிட்டால், அறையின் சூடு சுவருக்குப் போய்ச் சேராது. சுவர் குளிர்ந்தே இருக்கும். ஆனால் நம் மூச்சும் உள்ளே காயப்போட்ட துணியும் குளியலறை ஆவியும் கலந்த காற்று இடுக்கு வழியே உள்ளே போய்விடும். அறை 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், சுமார் 17 டிகிரிக்குக் கீழே இறங்கிய சுவரில் நீர் கோக்கும். இதுதான் வியர்ப்பு. பூஞ்சைக்கு அவ்வளவுகூட வேண்டாம். சுவர் 20 டிகிரிக்கு வந்தாலே அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டுவிடும். அது நீடித்தால் போதும்.

இதற்கு வாட்டர்ப்ரூஃப் பூச்சு என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. ஈரம் காற்றிலிருந்து வருகிறது. பூச்சின் மேலேயே துளிர்க்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. கூப்பிட்டுக் காட்டியபோது அதே ஆள், “இது உள்காற்று வியர்ப்பு, உத்தரவாதத்தில் வராது” என்று தாளைத் திருப்பிக் காட்டினார். ஆக, வித்தியாசம் அவருக்கு முன்பே தெரியும். வேலை பிடிக்கும்போது அந்த வார்த்தை வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

யாரையும் கூப்பிடும் முன் ஒரு சோதனை. அலமாரியின் சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். துணிகளைப் பழையபடி அடுக்கி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் முன்பக்கம் ஈரமென்றால் வியர்ப்பு. சுவரைப் பார்த்த பக்கம் ஈரமென்றால் கசிவு. அப்போது குழாய், கூரை, வெளிச்சுவர் விரிசல் என்று தேட வேண்டும்.

வியர்ப்பு என்றால் துணிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகலம் விடுங்கள். கதவின் மேலும் கீழும் காற்று போக வழி வேண்டும். முழுப் பலகைக்குப் பதில் இடைவெளி விட்டு மரச்சட்டங்கள் அடித்த தட்டு இன்னும் நல்லது. ஈரத்துணியை அந்த அறையில் காயப்போடாதீர்கள். ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் மூடிய பெட்டிக்குச் சரி, இடுக்குள்ள அலமாரியில் அறைக் காற்றையே உறிஞ்சி நிரம்பிவிடும். சுவரில் தெர்மாகோல் ஒட்டச் சொல்வார்கள். விளிம்பை முழுக்க அடைக்காவிட்டால் ஈரக்காற்று பின்னால் புகுந்து, பூசணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வளரும்.

அப்படியும் ஆள் வைக்க வேண்டியிருந்தால், “இது வியர்ப்பு இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்?” என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். நாங்கள் அதே கேள்வியை இப்போது கடிதமாக அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை.