ஹனோய் பேச்சா, சைகோன் பேச்சா? வியட்நாமிய மொழி கற்கக் கிளம்புகிறவர்களுக்கு ஓர் அலசல்

வியட்நாமிய மொழி கற்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ஆப் நல்லது என்று. அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. எந்த ஊர்ப் பேச்சைக் கற்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட வேண்டும். வடக்கே ஹனோய் பேச்சு, தெற்கே சைகோன் பேச்சு. 1976இல் சைகோனுக்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாற்றினார்கள். ஊர்க்காரர்கள் வாயில் இன்றைக்கும் அது சைகோன்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. ஐரோப்பியப் பாதிரிமார்கள் உருவாக்கிய ரோமன் எழுத்துமுறை. அவர்களில் ஒருவரான அலெக்சாந்தர் தெ ரோத்தின் அகராதி 1651இல் ரோம் நகரில் அச்சானது. இலக்கணத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் தக்கபடி திரியாது, வேற்றுமை உருபு இல்லை. ஹனோயில் அச்சாகும் செய்தித்தாளைத் தெற்கே மெக்கோங் டெல்டாவில் இருப்பவர் தடையில்லாமல் படிப்பார். வாயைத் திறந்தால்தான் ஊர் தெரியும். சொந்த ஊர்க்காரர்கள் இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள், சமாளித்துவிடுவார்கள். வெளியிலிருந்து போகிறவரால் முடியாது. ஆப்பில் வடக்கு, யூடியூபில் தெற்கு என்று கலந்து படித்தால், ஒரே சொல்லை இரண்டு சொல்லாக மனப்பாடம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

சரி, வித்தியாசம் எவ்வளவு? முதலில் தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரலின் ஏற்ற இறக்கம். எழுத்தில் ஆறு தொனிகள். ஹனோயில் ஆறும் தனித்தனியாகக் கேட்கும். அதில் ‘ஙா’ என்னும் தொனியில் குரல் ஏறும் வழியில் தொண்டைக்குள் ஒரு முறை அறுந்து மறுபடி ஒட்டும். வெளியாட்களுக்குப் படியாத தொனி அதுதான். சைகோனில் அந்த வம்பே இல்லை. ‘ஙா’வையும் ‘ஹோய்’ என்ற இன்னொரு தொனியையும் ஒன்றாகவே உச்சரித்துவிடுவார்கள், ஆக ஐந்து. கல்லறையைக் குறிக்கும் சொல்லும் சதுரங்கக் குதிரையைக் குறிக்கும் சொல்லும் எழுத்தில் வேறு குறி போட்டிருந்தாலும் தெற்கத்திக்காரர் வாயில் ஒன்றுதான்.

இதை வைத்து ‘தெற்கு சுலபம்’ என்று முடிவுகட்டிவிட முடியாது. தெற்கில் சொல்லின் கடைசியில் கணக்கு இடிக்கும். அகரத்தையோ ஆகாரத்தையோ அடுத்து ஈற்றில் வரும் ‘ன்’ அங்கே ‘ங்’ ஆகிவிடும், ‘ட்’ என்று முடிய வேண்டியது ‘க்’ என்று முடியும். முகம், உடுத்து என்று பொருள்படும் இரண்டு சொற்கள் ஹனோயில் வேறு வேறு, சைகோனில் ஒன்று. வடக்கு அந்த ஈறுகளைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் கோட்டை விடுகிறது: டி, ஜிஐ, ஆர் என்று மூன்று விதமாக எழுதும் முதலெழுத்துகளும் அங்கே ஆங்கில இசட்டின் ஒலியோடு வரும். தெற்கில் ஆர் ரகரமாகவே இருக்கும். மற்ற இரண்டும் யகரமாகும். பேச்சுவேகத்தில் ‘வ’கூட யகரமாகிவிடும். நம் பிள்ளைகள் ல, ள, ழவில் தடுமாறுவது போல ஹனோய் பிள்ளைகள் முதலெழுத்திலும், சைகோன் பிள்ளைகள் ஈற்றெழுத்திலும் தொனிக்குறியிலும் எழுத்துப்பிழை விடுவார்கள். ‘சுத்தமான’ வியட்நாமிய மொழி பேசும் ஊர் எது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

தமிழ் நாக்குக்கு எது தோதுப்படும்? எந்தப் பாடநூலும் இதைச் சொல்லாது. அவை ஆங்கிலம், கொரியன், ஜப்பானியம் பேசுகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வியட்நாமிய மொழியில் கொம்பு முளைத்த ‘யு’ என்று ஓர் உயிரெழுத்து உண்டு. ஆங்கிலேயர்கள் அதற்காக உதட்டைப் படாத பாடு படுத்துவார்கள். நமக்கு அது ‘அது’, ‘காசு’ என்று சொல்லும்போது கடைசியில் வரும் குற்றியலுகரம், உதடு குவியாத உகரம். ‘ங’வும் ‘ஞ’வும் சொல்லுக்கு முதலில் வரும், நமக்கு அந்த ஒலிகள் பழக்கம்தான், இடம் மட்டும் புதிது. இந்த லாபமெல்லாம் இரண்டு ஊருக்கும் பொது.

ஆனால் தெற்கத்திப் பேச்சில் நாக்கை மடித்துச் சொல்லும் ‘ட்ர’ ஒலி ஒன்று கூடுதலாக இருக்கிறது. வடக்கில் அது ‘ச’ போல மழுங்கிவிட்டது. ழகரமும் ளகரமும் பழகிய நாக்குக்கு மடிப்பது ஒரு வேலையா? யகரமும் ரகரமும்கூட நம் வீட்டுச் சரக்கு. அந்த இசட் ஒலியோ தமிழில் இல்லை. நம்மில் பலர் அதை ‘ஜ’ ஆக்கிவிடுவோம், கேட்கிறவர் முழிப்பார்.

நமக்கே உரிய இரண்டு வியாதிகளும் உண்டு. ஊர் மாற்றினாலும் தீராது. ஒன்று, வல்லின ஈற்றில் ஒரு உகரத்தைச் சேர்த்துவிடுவது. ‘கப்’ நமக்குக் ‘கப்பு’. வியட்நாமிய மொழியில் ஒன்று என்ற எண்ணுக்கான சொல் ‘மோட்’. அதை ‘மோட்டு’ என்றால் ஒரே அசை இரண்டாகிவிடும், தொனியும் குலைந்துபோகும். நாக்கு அண்ணத்தைத் தொட்டதோடு நிற்க வேண்டும், விடுவிக்கக் கூடாது. இரண்டு, மூச்சோடு வரும் ‘த’வுக்கும் மூச்சில்லாத ‘த’வுக்கும் நாம் பேதம் பார்ப்பதில்லை. அங்கே அவை இரண்டு வேறு எழுத்துகள். இதற்கு ஆப் உதவாது, காது உள்ள ஆசிரியர்தான் வேண்டும்.

சொற்களும் மாறும். சோற்றுக் கிண்ணம் தெற்கில் ‘சென்’, வடக்கில் ‘பாட்’. சைகோனில் படித்த தைரியத்தில் ஹனோய் கடையில் ஒரு ‘சென்’ கேட்டால் தேநீர் குடிக்கும் குட்டிக் கோப்பை வரும். பன்றி தெற்கில் ‘ஹேஓ’, வடக்கில் ‘லொன்’. ஸ்பூன், அன்னாசி, வேர்க்கடலை, சோளம், குடை, சாக்ஸ், அப்பா, அம்மா என்று அன்றாடப் புழக்கத்தில் இப்படி வரிசையாகப் போகும். ‘ஓம்’ என்ற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். ஹனோயில் அதற்கு உடம்பு சரியில்லை என்று பொருள், சைகோனில் இளைத்துவிட்டார் என்று. தெற்கத்திப் பாட்டி ஆசையாகச் சொல்வதைக் கேட்டு வடக்கே படித்தவர் டாக்டரைத் தேடுவார். இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை, ஒரு நூறு சொற்களை இரட்டையாகத் தெரிந்துவைத்தால் போதும். உச்சரிப்பை அப்படி இரட்டையாக வைத்துக்கொள்ள முடியாது.

அடுத்து, ஆளைக் கூப்பிடும் முறை. என்னைக் கேட்டால், தமிழர் ஒருவர் வியட்நாமிய மொழியில் மற்றவர்களைவிட வேகமாக முன்னேறும் இடம் இது. ‘நான்’, ‘நீ’ என்பதற்குப் பொதுவான சொல்லை வைத்து அங்கே காலம் தள்ள முடியாது. எதிரில் இருப்பவர் அண்ணனா, அக்காவா, சித்தப்பாவா, பாட்டியா என்று பார்த்து அந்த உறவுச்சொல்லால் அழைக்க வேண்டும். தன்னையும் தம்பி, பிள்ளை, பேரன் என்று அதற்கேற்பச் சொல்லிக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டு வளர்ந்தவருக்கு இதில் பாதி தெரிந்த பாடம். தன்னைச் சுட்டுவது மட்டும்தான் புதுசு.

இங்கேயும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு, அதில் தெற்கு நமக்கு ரொம்பவே பக்கம். தெற்கில் அப்பாவின் அண்ணன் ‘பாக்’, தம்பி ‘சூ’. அப்பாவின் சகோதரி எந்த வயதானாலும் ‘கோ’. அம்மாவின் சகோதரன் எந்த வயதானாலும் ‘கவ்’. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்று அப்படியே ஒட்டிப்போகிறது. அம்மாவின் அக்கா தங்கை இருவரும் ‘யீ’ என்பதில்தான் பெரியம்மாவும் சித்தியும் ஒன்றாகிவிடுகிறார்கள். வடக்கில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மூத்தவர் என்றால் ஆணோ பெண்ணோ எல்லாரும் ‘பாக்’. பெரியப்பா, மூத்த மாமா, மூத்த அத்தை, பெரியம்மா எல்லாரையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுவார்கள். முறை சொல்லி வளர்ந்தவருக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

தெற்கில் வீட்டின் மூத்த பிள்ளைக்கு ‘ஹாய்’, அதாவது இரண்டு என்று பெயர். அடுத்தவர் மூன்று, அதற்கடுத்தவர் நான்கு. வடக்கில் மூத்தவருக்குத் தனிச்சொல் உண்டு. தெற்கில் பெரியவர்களிடம் தன்னைப் பிள்ளை என்ற பொருளில் ‘கொன்’ என்று சொல்லிக்கொள்வார்கள், வீட்டுக்கு வெளியேயும்கூட. வடக்கில் அந்தச் சொல் பெரும்பாலும் பெற்றவர்களோடு நின்றுவிடும். வெளியே ‘சாவ்’, பேரப்பிள்ளை. மரியாதைக்குத் தெற்கத்தியர் வாக்கியத்தின் தலையில் ‘யா’ என்பார்கள். வடக்கத்தியருக்கு ஆமாம் என்பது ‘வங்’, வாக்கியத்தின் வாலில் ஒரு ‘ஆ’ ஒட்டும். நம் ‘ங்க’ செய்யும் வேலையை அந்த ‘ஆ’ செய்கிறது.

இனி பண்பாட்டுப் பக்கம். புத்தாண்டான டெட் பண்டிகைக்கு வடக்கே சதுரமான ‘பான் சுங்’ அரிசிப் பலகாரம், தெற்கே உருளையான ‘பான் டெட்’. அங்கே பீச் மரப் பூ, இங்கே மஞ்சள் மாய் பூ. இதையெல்லாம் எந்தச் சுற்றுலாப் புத்தகமும் சொல்லும். படையல் தட்டைப் பாருங்கள். தெற்கில் சீத்தா வகைப் பழம், தேங்காய், பப்பாளி, மாம்பழம் வைப்பார்கள். நான்கின் பெயரையும் தெற்கத்தி வாயால் சேர்த்துச் சொன்னால் ‘செலவுக்குப் போதுமானது கிடைக்கட்டும்’ என்ற வேண்டுதல் வரும். தேங்காயின் பெயரும் ‘போதிய அளவு’ என்ற சொல்லும் யகரத்தில் ஒன்றாகிவிடுவதால்தான் இந்தச் சிலேடை. ஹனோய் உச்சரிப்பில் ஒன்று இசட், மற்றொன்று வகரம், சிலேடை பிசுபிசுத்துவிடும். வடக்கத்தியர் தட்டில் வாழைத்தாரில் ஒரு சீப்பு கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். தெற்கத்தியருக்கு வாழைப்பழத்தின் பெயரே ‘தலைகுப்புற விழுவது’ போல ஒலிப்பதால் பலர் அதைப் படையலில் சேர்ப்பதில்லை. உச்சரிப்பு பிடிபடாமல் இந்தப் பண்டிகையில் பாதி புரியாது.

செய்தி கேட்க வேண்டுமா, தேசியத் தொலைக்காட்சி வி.டி.வி.யில் ஓங்கி நிற்பது ஹனோய் குரல். பாட்டிலோ ஒரு வேடிக்கை: தெற்கத்திப் பாடகர்கள்கூட சினிமாப் பாட்டு, காதல் பாட்டு என்றால் பெரும்பாலும் வடக்கு உச்சரிப்பை ஒட்டியே பாடுவார்கள். ‘காய் லுவோங்’ என்னும் தெற்கத்தி இசை நாடகமும், 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ‘டோன் கா டாய் து’ என்னும் பாட்டிசையும் அசல் தெற்கத்தி வாயில் வரும். 2009இல் அதே பட்டியலில் ஏறிய பாக் நின் பக்கத்து ‘குவான் ஹோ’, மாறி மாறிப் பாடும் பாட்டுகள், வடக்கின் சொத்து.

வெளிநாட்டில் இருப்பவருக்குக் கேள்வி இன்னும் எளிது. 1975க்குப் பின் கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர், சிட்னியின் கப்ரமட்டா போன்ற இடங்களில் குடியேறியவர்களிடையே தெற்கத்திப் பேச்சே ஓங்கியிருக்கிறது. பெர்லினின் டோங் ஸுவான் சந்தையிலும் ப்ராகின் சாபா சந்தையிலும் நிலைமை நேரெதிர். சோஷலிசக் காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களில் வடக்கத்தியர் அதிகம்.

தமிழருக்குச் சைகோனோடு பழைய கணக்கும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் நகரத்தார் வட்டிக்கடை வைத்ததும், புதுச்சேரிக்காரர்கள் அரசு வேலைக்குப் போனதும் அங்கேதான். ட்ரூவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. பூவும் ஊதுபத்தியுமாக வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். பூ விற்கும் பெண்மணியோடு பேச்சுக் கொடுத்தால் வருவது தெற்கத்திப் பேச்சு.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. டூவோலிங்கோவின் வியட்நாமியக் குரல் வடக்கு. எழுத்தும் சொல்லும் பழக அது போதும், தொனியை அது திருத்தாது. தெற்குக்கு யூடியூபில் எஸ்.வி.எஃப்.எஃப். என்ற சேனல் இருக்கிறது. ஹனோய், சைகோன் இரண்டிலும் சமூக அறிவியல், மனிதப் பண்பியல் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டவருக்கு வகுப்பு நடத்துகின்றன. சான்றிதழ் வேண்டுமானால் 2015இல் வியட்நாம் அரசு வகுத்த ஆறு நிலைச் சட்டகத்தை ஒட்டிய தேர்வு உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனம் இம்மொழிக்கு 1,100 வகுப்பு நேரம் ஒதுக்குகிறது. அத்தனை நேரத்தைப் போடப் போகிறோம் என்றால், இலவச ஆப்பில் என்ன குரல் ஒலிக்கிறது என்பதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஹுவேயைச் சுற்றிய நடு வியட்நாம் பேச்சை விட்டுவிட்டேனே என்பவர்களுக்கு: மாமனார் வீடு அங்கே இருந்தால் கற்கலாம். ‘எங்கே’, ‘ஏன்’ போன்ற அடிப்படைச் சொற்களே வேறு. வடக்கு தெற்கு இரண்டுக்காரர்களுமே தலையைச் சொறிவார்கள்.

என் ஓட்டு தெற்குக்கு. ஹனோயில் வேலை, ஹனோயில் கல்யாணம், செய்தி மொழிபெயர்ப்பு என்று கட்டாயம் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வடக்குக்குப் போகலாம். பாடநூல்களிலும் ஆப்களிலும் வடக்குக்குத்தான் சரக்கு அதிகம், அதையும் மறுக்கவில்லை. கட்டாயம் ஏதும் இல்லாத தமிழருக்குத் தெற்கில் நாக்கும் முறைச்சொல்லும் சீக்கிரம் படியும். வடக்குக் குரல் அங்கேயும் காதில் விழத்தான் செய்யும். 1954இல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து எட்டு முதல் பத்து லட்சம் பேர் தெற்கே வந்தார்கள். அவர்களுடைய வீடுகளில் பழைய வடக்குப் பேச்சின் வாடை இன்னும் இருக்கிறது.

ஐடாக்கி, பிரெப்ளி போன்ற தளங்களில் ஆசிரியர் தேடும்போது ‘தெற்கு உச்சரிப்பு’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சோதனை வகுப்பில் கீரை, கத்தி, உள்ளே போ என்ற மூன்றுக்கும் வியட்நாமியச் சொல்லைக் கேளுங்கள். முதல் இரண்டும் ஒரே இசட் ஒலியில் தொடங்கி, மூன்றாவது வகரத்தில் தொடங்கினால் அவர் வடக்கு. முதலாவது ரகரம், இரண்டாவது யகரம் என்றால் தெற்கு. மூன்றாவதை மட்டும் பாடம் நடத்தும் தோரணையில் வகரமாகச் சொல்லக்கூடும். வகுப்பு முடிந்து அவர் பக்கத்தில் இருப்பவரோடு அரட்டை அடிக்கும்போது அதே வகரம் யகரமாகிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள்.