ஏர் ரைஃபிளை டியூனிங்குக்குக் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் 27,400 ரூபாய் போன விதம்

என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) பிரிவில் சுடுகிறாள். போட்டிக்கு முன் அவளுடைய துப்பாக்கியைச் சீர்செய்து தருவதாகச் சொன்ன புதுச்சேரிப் பட்டறைக்காரர் ஒருவரிடம் 27,400 ரூபாயையும் நல்ல நிலையில் இருந்த ஒரு காற்றுச் சிலிண்டரையும் பறிகொடுத்துவிட்டு, நேற்று முன்தினம் போட்டித் திடலில் தலைகுனிந்து நின்ற கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். துப்பாக்கியைக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. உப்புக்காற்றில் கதவுக் கீலே இரண்டு வருடத்தில் துருவேறிவிடும் இடம். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பக்குவமாகத்தான் பார்த்துக்கொண்டோம். ஆனாலும் சில மாதங்களாக அதில் ஒரு கோளாறு தெரிந்தது. தொடர்ந்து சுடும்போது பெல்லட் (சிறு ஈயக் குண்டு) ஒரே இடத்தில் விழும். ஐந்து நிமிடம் இளைப்பாறிவிட்டுச் சுட்டால் முதல் பெல்லட் மட்டும் சற்று மேலே ஏறிவிடும். சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை நிரப்பும் காற்றை ஒரே சீரான, குறைந்த அழுத்தத்துக்கு இறக்கித் தருவது ரெகுலேட்டரின் வேலை என்றும், அது சரியாக அடைக்காமல் கசிந்தால் சும்மா இருக்கும் நேரத்தில் அழுத்தம் ஏறி முதல் பெல்லட் வேகமாகப் போகும் என்றும் பயிற்றுநர் விளக்கினார். பத்துப் புள்ளிக்கான வெள்ளைப் பொட்டின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான். பெல்லட் இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறினாலே ஏறக்குறைய முக்கால் புள்ளி போய்விடும். ஓ-ரிங்குகளை, அதாவது காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களை மாற்றி ரெகுலேட்டரைச் சுத்தம் செய்தால் போதும், ஆனால் தயாரிப்பாளரின் முகவருக்கு அனுப்பினால் திரும்பிவர இரண்டு மாதம்கூட ஆகலாம் என்றார் அவர். போட்டிக்கோ ஐந்து வாரமே இருந்தது.

அந்த அவசரத்தில்தான், பழைய பொருள்களும் பழுதுபார்க்கும் வேலைகளும் விளம்பரமாகும் இணையதளம் ஒன்றில் இந்தப் பட்டறையைக் கண்டேன். ஐந்து நட்சத்திரங்களும் பாராட்டுகளும் வரிசையாக இருந்தன. இப்போது திரும்பிப் படித்தால் எல்லாப் பாராட்டும் ஒரே ஆள் எழுதியதுபோல் தோன்றுகிறது, அன்று தோன்றவில்லை.

நான் ஏமாந்த கணம் எது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். துப்பாக்கிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் அந்த மனிதர் எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு வந்தார்; விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் துப்பாக்கியைத் தூக்கினார். என் மகளின் உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பாப்பா, உனக்கு ட்ரிகர் எவ்வளவு லேசாக வேண்டும்?" என்று கேட்டார். ட்ரிகரை இழுக்கும் விசை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது பிஸ்டலுக்குத்தான் கட்டுப்பாடு, ரைஃபிளுக்கு அப்படி இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "கடலூரா அக்கா? இளவேனில் வாலறிவன் பிறந்த ஊராயிற்றே! 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினதே அந்தப் பிள்ளை! நம் பாப்பாவையும் அங்கே அனுப்பிவிடலாம்" என்றார். பெற்ற மனம் அதற்குமேல் என்ன கேட்கும்? முன்பணம் 12,000 ரூபாயைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிட்டேன். பணம் பெறுபவர் பெயர் வேறாக இருந்தது. "மச்சான் கணக்கு அக்கா" என்றார். ரசீது கேட்க வாய் வரவில்லை. பத்து நாள் கழித்து ரெகுலேட்டர் முழுவதும் போய்விட்டது, வெளிநாட்டுச் சரக்கு போட வேண்டும் என்று சொல்லி மேலும் 15,400 ரூபாய் வாங்கினார். ஆக மொத்தம் 27,400 ரூபாய்.

துப்பாக்கி கைக்கு வந்தது போட்டிக்கு மூன்று நாள் முன்பு. குழலின் முனைக்கு நேரே வேகம் அளக்கும் கருவியை வைத்துப் பயிற்றுநர் பத்து பெல்லட் சுட வைத்தார். கொடுப்பதற்கு முன் நொடிக்கு 168இலிருந்து 175 மீட்டருக்குள் இருந்த வேகம், 27,400 ரூபாய் வைத்தியத்துக்குப் பிறகு 158க்கும் 183க்கும் இடையே தாவியது. உடனே அழைத்தேன். "புது ரெகுலேட்டர் அக்கா, 200 பெல்லட் சுட்டால் படிந்துவிடும்" என்றார். நம்பினேன்.

போட்டி நாளன்று கருவிப் பரிசோதனை மேசையில் இருந்த பெரியவர் சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் மெல்லச் சுற்றி, ஓரிடத்தில் கட்டைவிரலை நிறுத்தி என்னைப் பார்த்தார். விரலுக்குக் கீழே 06/2011 என்று பொறித்திருந்தது. எங்கள் சிலிண்டர் தயாரான தேதியிலிருந்து பத்து வருடம்வரைதான் செல்லும். அதைப் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு. ஆனால் அது எங்கள் சிலிண்டரே இல்லை. இந்தத் துப்பாக்கியை எங்களுக்கு விற்ற சீனியர் வீரர் சிலிண்டரின் எண்ணையும் 03/2019 என்ற தேதியையும் தன் கைப்படக் குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். புதிதை எடுத்துக்கொண்டு காலாவதியானதை மாட்டி அனுப்பியிருக்கிறார் அந்தப் புண்ணியவான்! வேறு மாவட்டத்துப் பெண் ஒருத்தி தன் உபரிச் சிலிண்டரைத் தந்ததால் என் மகள் சுட முடிந்தது. வழக்கமாக 610 புள்ளியைத் தாண்டுபவள் அன்று 589.4 எடுத்தாள். வரும் வழியெல்லாம் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பயிற்றுநர் துப்பாக்கியைப் பிரித்தார். ரெகுலேட்டரில், முதல் முறை கழற்றியபோது அவரே ஊசியால் போட்ட கீறல் அப்படியே இருந்தது. அதாவது 15,400 ரூபாய்க்குப் போட்ட வெளிநாட்டுச் சரக்கு எங்கள் பழைய சரக்கேதான். அதன்மேல் மோட்டார் வண்டிக்குப் போடும் கறுப்பு கிரீஸைப் பட்டறைக்காரர் அப்பியிருந்தார். உயர் அழுத்தக் காற்றோடு பெட்ரோலிய எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடிக்கவும் கூடும் என்று பயிற்றுநர் சொன்னபோது பணக்கணக்கு மறந்து எனக்கு வயிறு கலங்கியது. அந்தச் சிலிண்டருக்குச் சற்றுப் பின்னால்தான் என் மகள் கன்னத்தை வைத்துச் சுடுகிறாள்.

அதற்குப் பிறகு நான் "அக்கா" இல்லை, "மேடம்" ஆகிவிட்டேன். "மேடம், உங்கள் கோச்சின் மிஷின் தப்பு." "மேடம், பெல்லட் சரியில்லை." சிலிண்டரைப் பற்றிக் கேட்டதற்கு, "நீங்கள் கொடுத்ததே அதுதான் மேடம், குறிப்பேட்டில் எழுதியவர் தப்பாக எழுதியிருப்பார்" என்றார். நேரில் போனேன். வேலை செய்த தம்பி ஊருக்குப் போயிருக்கிறான் என்றார். அந்தத் தம்பி பின்னால் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். புகார் கொடுப்பேன் என்றதற்கு, "நீங்கள் தமிழ்நாடு, நாங்கள் புதுச்சேரி, எங்கே கொடுப்பீர்கள்?" என்று சிரித்தார். இணையதளத்தினரோ, விளம்பரத்துக்கு இடம் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டார்கள்.

பெல்லட் பாயும் ஆற்றல் 20 ஜூலுக்குள் அடங்கும் 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமம் வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அது வசதிதான். ஆனால் அதைப் பழுதுபார்ப்பதாகப் பலகை மாட்டுபவரையும் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது எனக்கு 27,400 ரூபாய் கொடுத்த பிறகுதான் உறைத்தது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது, ஆகவே சுருக்கமாக. கொடுப்பதற்கு முன் சிலிண்டரில் பொறித்த எண்ணையும் தேதியையும் அந்த ஆளின் முன்னாலேயே படம் எடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். வேகத்தை முன்னும் பின்னும் அளந்து எழுதி வையுங்கள். வேறு பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது கொடுக்கவே கொடுக்காதீர்கள், இரவல் துப்பாக்கியில் சுட்டாலும் பரவாயில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915இல் இன்று காலை பதிவு செய்துவிட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், கடலூர் மாவட்ட ஆணையத்துக்கான மனுவும் தயாராகிறது. அதே பட்டறையில் சிலிண்டர் மாறிப்போனவர்கள் யாராவது இருந்தால் தேதியோடு எனக்கு எழுதுங்கள், மனுவோடு சேர்த்துவிடுகிறேன்.