பின்மூடி திறக்காத மணிக்கூடு: பாசிக்குடாவில் சுழியோட சிட்டிசன் புரோமாஸ்டர்

கடலுக்குள் கட்டிக்கொண்டு போக எந்த மணிக்கூடு நல்லது என்று கேட்கிற பெடியன்கள் எல்லோரும் மீற்றர் கணக்கில்தான் தொடங்குவார்கள். "அண்ணே, இது 300 மீற்றர் தாங்குமாம், எடுக்கவா?" பாசிக்குடா, கல்குடாப் பக்கம் ஆட்களைச் சுழியோடக் கூட்டிப் போவது என் தொழில். நாங்கள் இறங்குகிற பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் கிடப்பது 24 மீற்றர் அளவில். 1942 ஏப்ரல் 9 அன்று, இந்தக் கப்பலை மூழ்கடித்த அதே ஜப்பானிய விமானத் தாக்குதலில் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே போகத் தனிப் பயிற்சியும் தனிக் காற்றுக் கலவையும் வேண்டும். பொழுதுபோக்குக்குச் சுழியோடுகிறவனுக்கு எல்லை 40. அப்படியிருக்க 300, 500, 1000 எல்லாம் கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு அழகு. சிலதில் ஹீலியம் வால்வு வேறு இருக்கும். நாட்கணக்காக அழுத்த அறைக்குள் தங்கி ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்து வேலை செய்கிறவர்களுக்கு அது தேவை. வாழைச்சேனையில் தோணி ஏறிப் போய்ப் பகல் சாப்பாட்டுக்குத் திரும்புகிறவனுக்கு எதற்கு?

200 மீற்றர் என்று இருந்தால் போதும். ஆனால் முகப்பில் 'டைவர்ஸ்' என்ற சொல்லும் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 6425 என்ற சுழியோடி மணிக்கூட்டுத் தரத்தைத் தாண்டியவைதான் அதைப் போடலாம். வெறும் 30 மீற்றர் என்று எழுதியதை நம்பி 30 மீற்றர் இறங்க முடியாது. கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான்.

சரி, நான் கட்டுவது சிட்டிசன் புரோமாஸ்டர் பிஎன்0150. கறுப்பு முகப்பு, றப்பர் மாதிரியான பட்டி, வெளிச்சத்தில் தானே சார்ஜ் ஏறுகிற ஈக்கோ டிரைவ். இதைவிட வடிவான மணிக்கூடுகள் இருக்கின்றன. நான் இதை எடுத்த காரணம் ஒன்றேதான்: இதன் பின்மூடியைப் பட்டரிக்காக யாரும் திறக்க வேண்டியதில்லை.

என் தம்பியிடம் கசியோ டூரோ ஒன்று இருந்தது. நல்ல மணிக்கூடு, குறை சொல்ல மாட்டேன். 200 மீற்றர், நேரம் மாற்றுகிற குமிழ் திருகி இறுக்குகிற வகை, விலை சிட்டிசனின் மூன்றில் ஒரு பங்களவுதான் வரும். பட்டரி முடிந்ததும் ஊரில் ஒரு கடையில் கொடுத்தான். தேநீர் குடித்து முடிவதற்குள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பின்மூடிக்குள் இருக்கிற மெல்லிய றப்பர் வளையத்துக்கு சிலிக்கோன் கிறீஸ் பூசவுமில்லை, அது சரியாகக் குந்தியிருக்கிறதா என்று பார்க்கவுமில்லை. அடுத்த இறக்கத்தில் கண்ணாடிக்கு உட்புறம் புகார் படிந்தது, பிறகு ஆறு மணிப் பக்கம் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் நின்று ஆடியது. மூடியபின் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கிற கருவி எனக்குத் தெரிந்த எந்தக் கடையிலும் இல்லை. அதற்காகக் கொழும்புக்கு அனுப்பினால் போக்குவரத்தோடு சேர்த்து டூரோவின் பாதி விலை போய்விடும். ஆக, மட்டக்களப்பில் இருந்துகொண்டு மணிக்கூடு தெரிவு செய்கிறவன் ஆழத்தை விட்டுவிட்டு, இதை யார் எப்போது திறக்கப் போகிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

கையில் டைவ் கொம்பியூட்டர் இருக்கும்போது மணிக்கூடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆழம், நேரம், எவ்வளவு வேகமாக ஏறுகிறாய் என்பதெல்லாம் கொம்பியூட்டர்தான் பார்க்கிறது. அது இல்லாமல் நான் யாரையும் இறக்குவதில்லை. ஆனால் அதுவும் பட்டரியில் ஓடுகிற சாமான். 24 மீற்றரில் திரை அணைந்தால், எத்தனை மணிக்கு இறங்கினோம் என்பது தெரியாமல் நிற்கக் கூடாது. சுழியோடப் பயிற்றுவிக்கிற பாடி நிறுவனத்தின் அட்டவணையில் 25 மீற்றருக்கு முதல் இறக்கத்தில் 29 நிமிடம், 30 மீற்றருக்கு 20 நிமிடம். அதற்கு மேல் நின்றால் உடம்பில் கரைந்த நைதரசன் நேரே மேலே வர விடாது. ஏறும்போது 5 மீற்றரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் நிற்பதற்கும் ஓடுகிற வினாடி முள் ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். எங்கள் தோணிக்கார மாமா ஒவ்வொரு முறையும் சொல்வது இதைத்தான்: "மனே, கப்பலைப் பாத்துக்கொண்டு நேரத்தை விட்டிராத."

சிட்டிசனில் எனக்குப் பிடித்த இடம் அந்த வெளி வளையம். மிதவைக் கயிற்றை ஒரு கையால் பிடித்தபடி, மற்றக் கையால் வளையத்தின் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே கொண்டு வருவேன். பிறகு அந்த முள் வளையத்தில் காட்டுகிற எண்தான் இறங்கி எத்தனை நிமிடம் என்பது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு 'டிக்'. தண்ணீருக்கு மேலே அலைச் சத்தத்தில் கேட்காது, விரலுக்குத் தெரியும். இடப்பக்கம் மட்டும்தான் திரும்பும். மற்றப் பக்கம் எவ்வளவு நெருக்கினாலும் அசையாது. காரணம் இருக்கிறது. கப்பலின் துருப்பிடித்த தகட்டில் பட்டோ சிலிண்டர் வாரில் உரசியோ வளையம் தவறுதலாக நகர்ந்தால், நீ இறங்கி அதிக நேரமாகிவிட்டது என்றுதான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. அதிகமாகக் காட்டினால் கொஞ்சம் முந்தி மேலே வருவாய். நட்டமில்லை.

முள்ளும் நல்ல தடிப்பு. ஆழத்தில் சிவப்புத்தான் முதலில் மறையும், அந்தக் கப்பலடியில் சிவப்பு அடையாளம் எல்லாம் கறுத்துப் போய் மண்ணிறமாகத் தெரியும். கறுப்பில் வெள்ளை என்றால் பிரச்சினை இல்லை. உடைந்த தகடுகளின் நிழலுக்குள் நுழைந்தால் முள்ளும் புள்ளிகளும் மினுங்கும். குமிழ் நாலு மணிப் பக்கம் இருப்பதால் மணிக்கட்டை மடக்கும்போது குத்தாது.

குறைகளும் உண்டு. கண்ணாடி மினரல் கண்ணாடி, நீலக்கல் இல்லை. என்னுடையதில் இப்போது கீறல்கள் நிறைய. புதிதில் வளையம் ஈரக் கைக்கு மிகவும் இறுக்கம், உப்பும் மணலும் உள்ளே போனால் இன்னும் மோசம். பட்டி தடிப்பாக விறைத்து நிற்கும், மெல்லிய கைக்காரருக்கு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டியில் எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று ஒரு அட்டவணை அச்சடித்திருக்கிறார்கள். பார்க்க நல்லாயிருக்கும், ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம். நீ படித்துப் பழகிய அட்டவணை எதுவோ அதுதான் உன் அட்டவணை, இரண்டையும் கலக்காதே.

சீக்கோ டர்ட்டிலையும் கட்டிப் பார்த்திருக்கிறேன். உருண்டு திரண்ட உடம்பு, கையில் நன்றாகக் குந்தும், வளையம் சிட்டிசனைவிட இலகுவாகத் திரும்பும். அதுவும் பட்டரி கேட்காது, உள்ளே பொறிதான். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில வருடத்துக்கு ஒருமுறை பொறியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அப்போது பின்மூடி திறக்கும், பழைய கதைதான். பணமும் பொறுமையும் இருக்கிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். கொழும்புக்குப் போய் வருகிற ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு விசயம். ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரைதான் இங்கே சுழியோட ஏலும். வாடைக்காற்று தொடங்கினால் கடல் கலங்கிவிடும், சாமான் எல்லாம் அலுமாரிக்குள் போகும். ஈக்கோ டிரைவ் முழுச் சார்ஜில் ஆறு மாதம் ஓடும் என்கிறார்கள், சரியாக எங்கள் ஓய்வுக் காலத்தின் நீளம். அதனால் மணிக்கூட்டை அலுமாரியில் போடாமல் யன்னலோரம் வைத்துவிடுகிறேன். சார்ஜ் குறைந்தால் வினாடி முள் இரண்டிரண்டாகத் தாவும். அதைப் பார்த்ததும் வெளியே எடுத்து வைத்தால் சரி. கொதிக்கிற வெயிலில் தோணி எஞ்சின் பெட்டிக்கு மேல் வைக்காதீர்கள், சூடு நல்லதில்லை. கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீர் வாளியில் கொஞ்ச நேரம் ஊறப் போட்டு, தண்ணீருக்குள்ளேயே வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் மணல் போய்விடும். கரையோரக் கிணறுகள் பல உவர், குழாய்த் தண்ணீர் நல்லது. குமிழை மட்டும் அப்போது தொடாதீர்கள்.

பழையது வாங்குவதென்றால் முகப்பைப் பார்ப்பதற்கு முன் மணிக்கூட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். பின்மூடியில் திறப்புக் கருவி பிடிக்கிற பள்ளங்களைச் சுற்றிக் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். விற்கிறவரிடம் எங்கே, எதற்காகத் திறந்தது என்று கேளுங்கள். "அது தெரியாது தம்பி, ஆனா நல்லா ஓடுது" என்று சொன்னால் அதைக் கல்யாண வீட்டுக்குக் கட்டலாம்.