மரவேலைக்கு 13 மி.மீ. பெஞ்ச் டிரில்: இயந்திரமும் அதன் மேல் கட்டிய ஜிக்கும்

பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டு இயந்திரக் கடைகளில் கிடைக்கும் 13 மி.மீ. பெஞ்ச் டிரில்லிங் மெஷின்கள் பெரும்பாலும் இரும்பு வேலையை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றை வாங்கி, அலமாரி, கதவு, முக்காலி என முழுக்க மரவேலைக்கே பயன்படுத்தி வருகிறேன். அரைக் குதிரைத்திறன் மோட்டார், வேகத்தை மாற்ற ஐந்து படிப் புல்லி, துளையிடும் பிட்டைச் சாவியால் இறுக்கிப் பிடிக்கும் சக், வார்ப்பிரும்பு மேசை, அவ்வளவுதான் அதன் அமைப்பு. ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுழற்றும் அச்சு, நேராக ஓடும் இயந்திரம் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் அதனுடன் வரும் மேசையில் மரத்தை நேரடியாக வைத்துத் துளையிட்டால் துல்லியம் வராது; அதன்மேல் நாமே கட்டிக்கொள்ளும் ப்ளைவுட் ஜிக்தான், அதாவது பலகையைச் சரியான இடத்தில் நிறுத்தும் துணையமைப்புதான், அதைத் தருகிறது.

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, சொல்லப்படும் விலையில் மோட்டார் சேர்ந்திருக்கிறதா என்பது. லுதியானா, படாலா, ராஜ்கோட் ஆகிய ஊர்களில் உருவாகும் இத்தகைய இயந்திரங்களை மோட்டார் இல்லாமல் விற்பதும் வழக்கம். அடுத்து, சக்கில் நேரான எஃகுக் கம்பி ஒன்றை மாட்டி, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை அதில் பதித்து, புல்லியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். முள் 0.1 மி.மீ.க்குள் ஆடினால் மரவேலைக்குப் போதுமானது. கைப்பிடியை முழுதும் கீழிறக்கிச் சக்கைப் பக்கவாட்டில் அசைக்கும்போது கைக்குத் தெரியும்படி ஆடினால் அந்த இயந்திரத்தை விட்டுவிடுவது நல்லது. நான் வாங்கிய கடையின் உரிமையாளர் இந்தச் சோதனைக்கு முகம் சுளிக்கவில்லை. "நேரா ஓடினாத்தான் எடுத்துட்டுப் போங்க சார்" என்று தமிழிலேயே சொல்லி, தம் கேஜையே எடுத்துக் கொடுத்தார். இந்தச் சோதனையை அனுமதிக்காத கடையில் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி மேசைக்கு வருவோம். அது சிறியது, நீளமான பலகை இருபுறமும் தொங்கும். அடிப்பக்கம் விலா எலும்புகள் போல் வார்க்கப்பட்டிருப்பதால் கிளாம்ப் சரியாகப் பிடிப்பதில்லை. நடுவில் உள்ள துவாரத்தின் மேல் மரத்துக்குத் தாங்கல் இல்லாததால், பிட் வெளியேறும் இடத்தில் சில்லு பெயர்கிறது. தூண் உருளையாக இருப்பதால், மேசையை உயர்த்தும்போதோ தாழ்த்தும்போதோ அது பக்கவாட்டிலும் திரும்பிவிடுகிறது. ஆகவே பிட்டுக்கும் மரத்தின் கனத்துக்கும் ஏற்ற உயரத்தை முதலில் பூட்டிவிட்டு, அதன் பிறகே மற்ற எந்த அளவையும் அமைக்க வேண்டும்.

ஜிக்கின் அடித்தளத்துக்கு 18 மி.மீ. ப்ளைவுட்டை எடுத்தேன். ஐ.எஸ். 710 எனும் இந்தியத் தரத்து மரைன் ப்ளைவுட் மழைக்கால ஈரத்தைத் தாங்கும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை ஈரம் பட்டால் ஊதிவிடும் என்பதால் அதை அடித்தளத்துக்குப் பயன்படுத்தவில்லை. மேசையின் பள்ளங்கள் வழியாகப் போல்ட் இட்டு அடியிலிருந்து இறுக்கினால் ப்ளைவுட் அசையாமல் நிற்கும். பிட்டுக்கு நேர் கீழே 75 மி.மீ. சதுரத்தில் ஒரு பள்ளம் எடுத்து, அதில் எம்.டி.எஃப். துண்டு ஒன்றைப் பதிக்கிறேன். மரத்தின் அடிப்பக்கம் இந்தத் துண்டின் மீது அழுந்தி நிற்பதால் சில்லு பெயர்வதில்லை. அது தேய்ந்ததும் வேறொன்றை மாற்றிவிடலாம்.

ஜிக்கின் உயிர்நாடி ஃபென்ஸ்தான், அதாவது பலகையின் விளிம்பு ஒட்டி நகரும் தடுப்புக் கட்டை. பலரும் அதை இரு முனைகளிலும் இணையாக நகரும்படி அமைக்கப் பெரும்பாடு படுகிறார்கள். அந்தப் பாடு தேவையே இல்லை. துளையிடும் பிட் ஒரு புள்ளி மட்டுமே. பலகை ஃபென்ஸை ஒட்டி நகரும்வரை, அந்தப் புள்ளிக்கும் ஃபென்ஸுக்கும் உள்ள செங்குத்துத் தூரம் ஒன்றுதான் கணக்கில் வரும். ஃபென்ஸ் மேசை விளிம்புக்குச் சாய்வாக இருந்தாலும் துளை வரிசை பலகையின் விளிம்புக்கு இணையாகவே அமையும். எனவே ஒரு முனையில் ஒற்றைப் போல்ட்டைச் சுழல்புள்ளியாக வைத்து, மறுமுனையை மட்டும் கிளாம்பால் பிடித்தால் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: பிட் இரு முனைகளுக்கும் நடுவில் இருந்தால், கிளாம்ப் முனையை 1 மி.மீ. தட்டும்போது பிட்டின் அருகே ஏறக்குறைய அரை மி.மீ.தான் நகரும், ஆகவே நுண்மையான திருத்தம் எளிதாகிறது. ஃபென்ஸின் அடி விளிம்பைச் சிறிது சாய்வாக இழைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மரத்தூள் அங்கே அடைந்து பலகையை விலக்கிவிடும்.

மேசை ஸ்பிண்டிலுக்குச் செங்கோணமாக இருக்கிறதா என்பதை மூலைமட்டத்தை விட வளைத்த கம்பி நன்றாகக் காட்டும். கம்பியைச் சக்கில் மாட்டி, அதன் முனை ஜிக்கின் பரப்பைத் தொடும்படி இறக்கி, நான்கு திசையிலும் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு பாகைச் சாய்வு இருந்தால் 40 மி.மீ. ஆழத்தில் துளை 0.7 மி.மீ. விலகிவிடும், டவல் எனும் உருளை மரக்குச்சியால் செய்யும் இணைப்பில் அந்த அளவே மரத்தைப் பொருந்தவிடாமல் செய்யும். தாழ்ந்த பக்கத்தில் மைக்காத் துண்டோ தடித்த காகிதமோ வைத்து இதைச் சரிசெய்யலாம்.

இந்த ஜிக் தன் மதிப்பை முழுமையாகக் காட்டுவது அலமாரித் தட்டுகளுக்கான துளை வரிசையில்தான். 5 மி.மீ. துளைகள், 32 மி.மீ. இடைவெளி, முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. என்பது உலகெங்கும் பழகிய அமைப்பு. விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளித் துளையிட்ட ஒரு மாதிரிக்கட்டையை வைத்திருக்கிறேன். சக்கில் உள்ள 5 மி.மீ. கம்பியை அந்தத் துளைக்குள் இறக்கி, ஃபென்ஸைக் கட்டையோடு ஒட்டவைத்துப் பூட்டினால் அளவுகோலே வேண்டியதில்லை. இடைவெளிக்கு, ஒரே அமைப்பில் அறுத்த 32 மி.மீ. கட்டைகளை அசையாத தடுப்பான ஸ்டாப்பருக்கும் பலகைக்கும் இடையே அடுக்கி, ஒவ்வொரு துளைக்குப் பின்னும் ஒன்றை எடுத்துவிட வேண்டும். கட்டை ஒவ்வொன்றும் 0.2 மி.மீ. பிழையாக இருந்தால் பத்தாவது இடைவெளியில் பிழை 2 மி.மீ. ஆகும். ஆயினும் இரு பக்கப் பலகைகளிலும் அதே பிழை அதே இடத்தில் வருவதால் தட்டு சமமாகவே உட்காரும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு பலகைகளிலும் அடிமுனையே ஸ்டாப்பர் பக்கம் இருக்க வேண்டும். ஒரு பலகைக்கு ஸ்டாப்பர் இடப்புறம் என்றால் மற்றதற்கு வலப்புறம், அதுவும் பிட்டிலிருந்து அதே தூரத்தில். ராமமூர்த்தி நகரில் என் பட்டறைக்கு வரும் தருமபுரி ஆசாரி ஒருவர், கண் அளவிலேயே கதவு மாட்டக்கூடியவர், இந்த வரிசைக்கு மட்டும் தம் பலகைகளை இங்கே கொண்டுவருகிறார்.

ஆட்டோ ஹிஞ்ச் எனப்படும் கீலின் கிண்ணத்துக்கு தட்டையான அடியுள்ள குழி வெட்டும் 35 மி.மீ. ஃபார்ஸ்ட்னர் பிட் தேவை. விளிம்பிலிருந்து 5 மி.மீ. விட வேண்டுமானால் மையம் 22.5 மி.மீ. தொலைவில் அமையும், 18 மி.மீ. கதவில் ஆழம் 12 மி.மீ. அளவில் நிற்க வேண்டும், அதற்கு இறக்கத்தை நிறுத்தும் இயந்திரத்தின் ஆழ நட்டே போதுமானது. வேகம் பற்றிக் கவனம் தேவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1440 சுற்று ஓடும். பெல்ட்டை மோட்டாரின் மிகச் சிறிய படிக்கு மாற்றி, ஸ்பிண்டிலை 600 சுற்று அளவுக்குக் குறைத்தால்தான் பெரிய பிட் மரத்தைக் கருக்காமல் வெட்டும். கையுறை அணிந்து இந்த வேலையைச் செய்யவே கூடாது.

குறைகளும் உண்டு. தூணுக்கும் பிட்டுக்கும் இடையே உள்ள தூரம் குறைவாதலால், அகலமான பலகையின் நடுவில் துளையிட இயலாது. சாப்பாட்டு மேசை செய்பவருக்கு இது பயன்படாது. ஒரே இறக்கத்தில் கிடைக்கும் ஆழமும் 50 மி.மீ. அளவுதான். முக்காலிக் கால்களுக்குச் சாய்வுத் துளை வேண்டுமென்றால் மேசையைச் சாய்க்க வேண்டாம், சரிசெய்த செங்கோணம் போய்விடும். 300 மி.மீ. நீளத்தில் ஒரு முனை 53 மி.மீ. உயரும் ஆப்பு ஒன்றைச் செய்து, ஃபென்ஸை ஒட்டி வைத்தால் 10 பாகைச் சாய்வு கிடைக்கும். எத்தனை கால்களுக்குத் துளையிட்டாலும் சாய்வு மாறாது.