பேட்டரியை மாற்றச் சொல்வதற்கு முன்: கோவையில் ஒரு ஹைபிரிட் பணிமனை

பத்து வயதைக் கடந்த ஹைபிரிட் காரில் (பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் கார்) மைலேஜ் குறைந்து இழுவையும் மந்தமாகிவிட்டால், 'பேட்டரி போய்விட்டது' என்ற ஒரே தீர்ப்பைத்தான் பலரும் சொல்கிறார்கள். கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் இயங்கும் சிறு பணிமனை ஒன்று, அந்தத் தீர்ப்பைச் சொல்வதற்கு முன் அளந்து பார்க்கிறது. இந்த மதிப்புரையை நான் எழுத அதுவே முதற்காரணம்.

எங்கள் வண்டி கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே அன்றாடம் ஓடுவது. பகலெல்லாம் பனியன் கம்பெனி வளாகத்தில் நிற்பது. அவிநாசி சாலையில் ஒரு லாரியை முந்த முயன்றால் என்ஜின் உரக்க இரைந்ததே தவிர வேகம் கூடவில்லை. வேறொரு பெரிய பணிமனையில், காரின் கணினியிலுள்ள விவரங்களைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, பிழைக்குறியீடு எதுவும் இல்லாதபோதும், பேட்டரித் தொகுப்பு முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். செலவு, வண்டியின் இன்றைய மறுவிற்பனை மதிப்பை நெருங்கியது.

சிங்காநல்லூர் மெக்கானிக் வண்டியை உள்ளே நிறுத்தி ஸ்கேன் செய்வதோடு திருப்தி அடையவில்லை. ஸ்கேனரை இணைத்தபடியே நீலாம்பூர் புறவழிச்சாலைக்கு எங்களை அழைத்துச் சென்று, முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டும்போது பேட்டரியின் ஒவ்வொரு பகுதியிலும் மின்னழுத்தம் எவ்வளவு சரிகிறது என்று கவனித்தார். எங்கள் வண்டியில் உள்ளதுபோன்ற நிக்கல் பேட்டரியில் 1.2 வோல்ட் செல்கள் ஆறு சேர்ந்து 7.2 வோல்ட் மாட்யூல் ஒன்றாகின்றன. அத்தகைய மாட்யூல்கள் பல வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். சுமை ஏறும்போது ஒரு பகுதி மட்டும் மற்றவற்றைவிட மிகுதியாகச் சரிந்தால் அங்கே செல் கெட்டிருக்கிறது என்று பொருள். எங்கள் வண்டியில் எல்லாப் பகுதிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் சரிந்தன. ஆனால் பேட்டரியின் வெப்பம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"ஃபேனைக் கழட்டிப் பார்க்காம பேட்டரியைக் குறை சொல்லக் கூடாதுங்கண்ணா" என்றார். பின் இருக்கையை ஒட்டிய காற்றுத் துளையைப் பிரித்தபோது, பேட்டரியைக் குளிர்விக்கும் மின்விசிறியின் இதழ்களில் பஞ்சுத் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. அந்த விசிறி காருக்குள் இருக்கும் காற்றையே இழுக்கிறது. பின்னலாடை ஆலைகளுக்குள் போய்வரும் உடைகளிலும் துணி மூட்டைகளிலும் ஒட்டிவரும் பஞ்சு முழுவதும் அங்கேதான் சேர்கிறது. காற்று போகாமல் பேட்டரி சூடானால், அதைக் காப்பதற்காகக் கணினி மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். இவ்வகைக் கார்களின் என்ஜின்கள் பெரும்பாலும் அட்கின்சன் சுழற்சி முறையில் இயங்குபவை. உள்வாங்கு வால்வைத் தாமதமாக மூடி எரிபொருளைச் சேமிக்கும் இந்த முறையில், குறைந்த வேகத்தில் முறுக்கு விசை இயல்பாகவே குறைவு. அந்தக் குறையை நிரப்ப வேண்டிய மோட்டார் ஒதுங்கிக்கொண்டால் என்ஜின் தனியாகத் திணறும். இழுவையும் மைலேஜும் ஒன்றாகக் குறைந்ததன் விளக்கம் இதுதான். இதை எனக்குப் புரியும்படி, திரையில் எண்களைக் காட்டியே சொன்ன பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்னொரு காரணமும் அகப்பட்டது. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் ஓட்டத்தை வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், திறந்த நிலையிலேயே சிக்கியிருந்ததால் கூலன்ட் உரிய வெப்பத்தை எட்டவில்லை. ஹைபிரிட் காரில் என்ஜின் சூடேறாதவரை அது அணைந்து மின்சார ஓட்டத்துக்கு இடம் கொடுக்காது. சிக்னலில் நிற்கும்போதும் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது இதனால்தான். பின்சக்கர பிரேக் காலிபர் ஒன்று லேசாகப் பிடித்திருந்ததையும் சரிசெய்தார்கள்.

பாதுகாப்பில் அவர்கள் காட்டிய ஒழுங்கைத் தனியே குறிப்பிட வேண்டும். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள்களின் அருகே கை வைக்குமுன், மின்காப்புக் கையுறை அணிந்து பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வர்ட்டரில் மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் மின்னிறக்கம் ஆகப் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். இந்தக் காத்திருப்பைத் தேவையற்றதாக நினைக்கும் பணிமனைக்கு ஹைபிரிட் காரைக் கொண்டுபோகவே கூடாது.

வேலை முடிந்தபின் வண்டி தயக்கமின்றி முந்துகிறது. ஒரே பங்க்கில் டேங்க்கை முழுதாக நிரப்பி, மீண்டும் நிரப்பும்வரை ஓடிய தூரத்தைக் கொண்டு கணக்கிட்டதில் மைலேஜும் தெளிவாகக் கூடியிருக்கிறது. ஆனால் புதிதில் கிடைத்த அளவு முழுமையாகத் திரும்பவில்லை, திரும்பாது என்று அவர்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்கள். பேட்டரிக்கு வயதாகிவிட்டது ஒரு காரணம். மற்றொன்று, இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. வாடிக்கையாளரைக் கவர்வதற்காக இந்த உண்மையை மறைக்காதது அவர்கள்மேல் எனக்கு நம்பிக்கையைக் கூட்டியது.

குறைகளும் உண்டு. முன்பதிவு இல்லாமல் போனால் வண்டியைத் தொடமாட்டார்கள். உதிரிபாகங்கள் வெளியூரிலிருந்து வரவேண்டியிருப்பதால் தெர்மோஸ்டாட்டுக்கே காத்திருக்க நேர்ந்தது. எல்லாவற்றையும் விட, அளந்த எண்களைத் தாளில் எழுதித் தருவதில்லை. இவ்வளவு நுணுக்கமாகச் சோதிக்கிறவர்கள் அந்த அறிக்கையைக் கையில் கொடுத்தால்தான், அடுத்த ஆண்டு பேட்டரி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று ஒப்பிட முடியும். நீங்கள் போனால் ஸ்கேனர் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் மறுக்கமாட்டார்கள். ஆலைப் பகுதியில் வண்டி நிறுத்துபவர்கள், அடுத்த சர்வீஸில் எண்ணெய் மாற்றும்போதே பேட்டரி விசிறியையும் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்பது நல்லது.