மேக்கில் டிடிரெஸ்க்யூ: முதல் சுற்றுக்குச் சரி, கடைசிச் சுற்றுக்கு லினக்ஸ்

சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்கிலிருந்து இமேஜ் (டிஸ்கின் முழு நகல் கோப்பு) எடுக்க, இலவசக் கருவிகளில் க்னூ டிடிரெஸ்க்யூவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதியது, சி++ நிரல். மேக்கில் ஹோம்ப்ரூ (கட்டளை வழியாக மென்பொருள் நிறுவும் கருவி) இருந்தால் ஒரே வரியில் நிறுவிவிடலாம். ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் லினக்ஸ் பழக்கம் இங்கே செல்லாது என்பது புரியும்.

முதல் இடறல் '-டி' (-d) ஆப்ஷன். லினக்ஸில் இது கெர்னல் கேஷை (படித்ததை ஓஎஸ் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) தொடாமல் நேராக டிஸ்கைப் படிக்கும். அதற்குத் தேவையான ஓ-டைரக்ட் வசதி மேக்ஓஎஸ்ஸில் கிடையாது. கொடுத்தால் கருவி மறுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குப் பதிலாக டிஸ்கின் பெயரை, உதாரணமாக, டிஸ்க்4 (/dev/disk4) என்று தராமல் ஆர்டிஸ்க்4 (/dev/rdisk4) என்று தர வேண்டும். இரண்டும் ஒரே டிஸ்க்தான், ஆனால் பின்னது கேஷ் இல்லாத வழி. இதை விட்டுவிட்டால் வேகம் படுத்துவிடும். கெட்ட செக்டருக்கு (டிஸ்கின் மிகச் சிறிய துண்டு) பக்கத்தில் இருக்கும் நல்ல செக்டர்களும் சேர்ந்து கெட்டதாகப் பதிவாகலாம்.

ஆர்டிஸ்க் வழி கறார் பேர்வழி. செக்டர் அளவின் மடங்காகக் கேட்டால்தான் தரும். டிடிரெஸ்க்யூ 512 பைட் என்றே எடுத்துக்கொள்ளும். டிஸ்க் 4096 பைட் வகையாக இருந்தால் '-பி 4096' (-b 4096) தர வேண்டும். மேக்கின் டிஸ்க்யூட்டில் இன்ஃபோ (diskutil info) கட்டளையில் 'டிவைஸ் பிளாக் சைஸ்' வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். மொத்த அளவைக் கருவி கண்டுபிடிக்கத் திணறினால், அதே இடத்தில் பைட் கணக்கும் இருக்கிறது (500 ஜிபி டிஸ்க் என்றால் பெரும்பாலும் 500107862016). அதை '-எஸ்' (-s) உடன் கொடுத்துவிடலாம்.

மேக்ஓஎஸ் டிஸ்கைத் தானாக மவுன்ட் செய்யப் (கோப்புகளைத் திறக்க இணைக்கப்) பார்ப்பது பெரிய தொல்லை. படிக்க முடியவில்லை என்று பெட்டி வந்தால் 'இக்னோர்' மட்டும் அழுத்துங்கள். 'இனிஷியலைஸ்' பக்கம் போகவே கூடாது. 'இஜெக்ட்' அழுத்தினால் டிஸ்கே பட்டியலிலிருந்து போய்விடும். மவுன்ட் ஆகிவிட்டிருந்தால் டிஸ்க்யூட்டிலின் அன்மவுன்ட்டிஸ்க் போட்டுக் கழற்றுங்கள், இல்லையென்றால் 'ரிசோர்ஸ் பிஸி'தான் வரும். மேக் தூங்கிவிடாமலிருக்க கேஃபினேட் (caffeinate) கட்டளை வைத்து ஓட்டுவது நல்லது. இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டினால் டிஸ்க்4 டிஸ்க்5 ஆகியிருக்கலாம். எண்ணைச் சரிபார்க்காமல் தொடராதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு இதைப் பரிந்துரைக்கக் காரணம் மேப்ஃபைல். எந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை என்பதை பைட் கணக்கில் குறித்துவைக்கும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பு அது. எந்த ஓஎஸ் என்று பார்ப்பதில்லை. மேக்கில் '-என்' (-n) போட்டு எளிதாக வரும் பகுதிகளை அள்ளுங்கள். கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்திவிட்டு, இமேஜையும் மேப்ஃபைலையும் லினக்ஸ் லைவ் யூஎஸ்பிக்கு (நிறுவாமல் யூஎஸ்பியிலிருந்தே ஓடும் லினக்ஸ்) எடுத்துப்போய் '-டி -ஆர்3' (-d -r3) என்று மிச்சத்தைத் தோண்டுங்கள். சேமிக்கும் டிஸ்க் எக்ஸ்ஃபேட்டாக இருந்தால் இரண்டு பக்கமும் எழுதலாம். ஃபேட்32 வேண்டாம், ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது.

சில யூஎஸ்பி பெட்டிகள் 512 பைட் டிஸ்கை 4096 என்று காட்டும். அப்படிப்பட்ட பெட்டியில் வைத்து பார்ட்டிஷன் போட்ட டிஸ்காக இருந்தால், எடுத்த இமேஜ் முழுமையாகவே இருந்தும் பார்ட்டிஷன்கள் தெரியாது. லினக்ஸில் இமேஜை லூப் டிவைஸாக (கோப்பையே டிஸ்க் போல) இணைக்கும்போது செக்டர் அளவை 4096 என்று சொன்னால் தெரிந்துவிடும்.